மாட்டு டாக்டரம்மாவின் மகன்

பிப்ரவரி 4, ஞாயிறு

அம்மா போய் இன்றோடு ஏழு நாள்.

இந்த டைரி அவளுடையது. மாட்டு மருந்துக் கம்பெனி ஒன்று வருஷா வருஷம் அவளுக்கு இலவசமாக அனுப்பும். அவள் ஓய்வு பெற்று இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் குடற்புழு நீக்க மருந்து விளம்பரம். ஜனவரி 19-இல் அம்மா எழுதியிருக்கிறாள்: ‘பால்காரர் பழனியப்பன் மாட்டுக்கு மடிவீக்கம். நாளைக்குப் போய்ப் பார்க்கணும்.’ எண்பத்து நாலு வயதில் இது. எனக்கு ஐம்பத்தொன்பது. மூன்றாவது வீடு வரை நடந்தால் மூச்சு வாங்குகிறது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்கள் சங்கத்திலிருந்து போன் வந்தது. மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை காலை நினைவஞ்சலிக் கூட்டம். மகன் என்ற முறையில் நான் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். மின்வாரிய ஆபீசில் முப்பத்தாறு வருஷம் கடிதம் எழுதிய கை இது, பத்து நிமிஷப் பேச்சு எம்மாத்திரம் என்று சொல்லிவிட்டேன். கூடவே நினைவு மலர் ஒன்றும் அச்சடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

முதல் வரைவு முடிந்தது. வசுமதியிடம் படித்துக் காட்டினேன்.

‘எனது தாயார் டாக்டர் நா. பாவாத்தாள் அவர்கள் கால்நடைப் பராமரிப்புத் துறையில் முப்பத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றி, 28.01 அன்று பிற்பகல் இயற்கை எய்தினார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக் கொள்கிறேன்.’

என் மனைவி கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. “கரண்டைக் கட் பண்ணப் போறோம்னு நோட்டீஸ் குடுக்கற மாதிரி இருக்குதுங்க.”

கிழித்துவிட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

சம்பவமாக ஒன்று எழுதலாம் என்று யோசித்தேன். எனக்கு ஒன்பது வயது. லீவு நாள். அப்பா வெளியூர் போயிருந்ததால் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு தோட்டத்துக்குப் போனாள். பசு கன்று போட முடியாமல் முந்தின நாளிலிருந்து கிடந்தது. தோட்டக்காரர் ஜீப்பை எட்டி எட்டிப் பார்த்தார், உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று.

“டாக்டர் வரலீங்களா?”

“வந்துட்டேன். வெந்நீரும் சோப்பும் கொண்டாங்க. கொஞ்சம் நல்லெண்ணெயும் வேணும்” என்றாள் அம்மா.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்ணில் அப்படியே படுத்தாள். வலது கை தோள் வரைக்கும் மாட்டுக்குள் போய்விட்டது. கன்றின் முன்னங்கால் பின்னால் மடங்கி இருக்கிறது, அதைத் திருப்ப வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். அதற்குமேல் எனக்குத் தெரியாது, மயக்கம் போட்டுவிட்டேன். கம்பவுண்டர் மாரப்பன் பிற்பாடு சொன்னதுதான். நான் விழுந்த சத்தம் கேட்டு, கையை வெளியே எடுக்காமலே அம்மா, “பையன் மூச்சு விடறானா பாரு மாரப்பா” என்றாளாம். விடுகிறான் என்றதும், “அப்ப அங்கயே கெடக்கட்டும்” என்றாளாம்.

கன்று பிழைத்தது, நானும் பிழைத்தேன். இருவருக்கும் வெல்லத் தண்ணீர் கொடுத்தார்கள். யாருக்கு முதலில் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் ‘சாணி’. அம்மா ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது அவள் மேல் அடித்த பினாயில் வாசனைக்கு மூன்று பெஞ்சு திரும்பிப் பார்த்தது. “இனிமே நீ வராதே, அப்பாவை அனுப்பு” என்றேன். சரி என்றாள். அதற்கப்புறம் வரவேயில்லை. இதை மலரில் போட வேண்டியதில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

தாரிணி கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். என் மகள் சுரங்கப்பாதை கட்டும் இன்ஜினியர். வடக்கே ஒரு மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிறார்கள், அங்கே இரண்டு வருஷ வேலைக்கு அவளை எடுத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு பம்பு கம்பெனியில் ஷிப்டு வேலை. ஏழு வயது ஆதிரையை நாங்கள் இங்கே தாராபுரத்தில் வைத்துப் படிக்க வைக்க வேண்டும், மாப்பிள்ளை வாராவாரம் வந்து பார்த்துக்கொள்வார், இதுதான் அவர்கள் திட்டம்.

“மார்ச் எட்டாந் தேதிக்குள்ள நான் பதில் சொல்லணுங்கப்பா.”

“ஆத்தாவோட அஞ்சலிக் கூட்டம் முடியட்டும் கண்ணு.”

“ஆத்தா இருக்கறப்பவே பேசினதுதானே? மாட்டுப் பொங்கலன்னிக்கு.”

அன்று பேசியது எனக்குச் சரியாக நினைவில்லை. பொதுவாக ஏதோ சொல்லியிருப்பேன். பி.பி. மாத்திரையை மாற்றியதிலிருந்தே ஞாபகம் கொஞ்சம் அப்படித்தான்.

பிப்ரவரி 17, சனி

மலர் எழுதி முடித்தேன். நாலாம் பக்கம்தான் சிகரம். தலைப்பு: ‘பழிவாங்கும் இடமாற்றம்’.

நாற்பத்து மூன்று வருஷமாக நான் சொல்லி வரும் கதை இது. ஆபீசில் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னேன். உயிரோடிருந்த மாட்டைச் செத்துப்போனதாக எழுதித் தரும்படி ஒரு பெரிய மனிதர் இன்சூரன்ஸ் சான்றிதழ் கேட்டார். அம்மா மறுத்தாள். உடனே மேலதிகாரி ஒருவர் அவளைத் தாளவாடி மலைக்குத் தூக்கி அடித்தார். மூன்று வருஷம். நான் அப்போது பத்தாம் வகுப்பு. அப்பா நாச்சிமுத்து வாத்தியார் சமைத்துப் போட, தாயைப் பிரிந்த நான் கணக்கில் நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கித் தோற்றேன். அந்த முப்பத்தொன்றுக்கு முழுப் பொறுப்பு அந்த மேலதிகாரியே என்பதுதான் கதையின் நீதி.

எழுதி முடித்து நானே கண் கலங்கினேன். அச்சகத்தில் கொடுத்தாயிற்று. இருநூறு பிரதி.

பிப்ரவரி 20, செவ்வாய்

புரூப் வந்தது. அட்டையில் ‘கால்நடை மருத்துவர் பாவாத்தாள்’ என்பதில் ‘மருத்துவர்’ விடுபட்டிருந்தது. நான் இரண்டு தரம் படித்தும் கண்ணில் படவில்லை. வசுமதி கண்டுபிடித்தாள். கண்டுபிடித்துக் கொஞ்ச நேரம் சிரித்தாள். அப்புறம் அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

பிப்ரவரி 24, சனி

மாரப்பனை நேரில் அழைக்க வெள்ளகோவில் போயிருந்தேன். எழுபத்தெட்டு வயது. பல் இல்லை, நினைவில் மட்டும் ஒரு ஓட்டைகூட இல்லை. மலரின் புரூப் ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். நாலாம் பக்கத்தை நானே உரக்கப் படித்தும் காட்டினேன், ஏற்ற இறக்கத்தோடு.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, இதென்னுங்க, தண்டனைன்னு போட்டிருக்கீங்க?”

“தண்டனைதானே? சான்றிதழ் விஷயம்...”

“அது எழுவத்தாறுலங்க. அந்த ஆளு வந்து மன்னிப்புக் கேட்டு ஒரு கூடை மாம்பழம் குடுத்துட்டுப் போனாரு. நீங்களுந்தான் தின்னீங்க. தாளவாடிக்கு டாக்டரம்மா கேட்டு வாங்கிட்டுப் போனாங்க.”

“யாரு கேட்டு?”

“அவங்களேதானுங்க. மனு எழுதி நாந்தான் தபால்ல சேர்த்தேன். கடைசி மூணு வருசம் இங்க அவங்களுக்கு என்ன வேலை குடுத்தாங்க? கோழிக்கு ஊசி போட்ட லெக்கமும் மாசாந்திர ரிப்போர்ட்டும். மாடுன்னா ஆம்பளை டாக்டருங்களை அனுப்பிருவாங்க. நம்ம அம்மா ஜன்னல் வழியாப் பாத்துட்டிருப்பாங்க, அவுங்க ஜீப்புல ஏறிப் போறதை. மலையில ரெண்டு வருசமா டாக்டரே கெடையாது, ஒருத்தரும் போகமாட்டேன்னுட்டாங்க. அம்மா குதிச்சுட்டுப் போனாங்க. ஆர்டர் வந்த அன்னிக்கு எனக்கு மைசூர்பாகு வாங்கிக் குடுத்தாங்க.”

நான் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்.

“உங்ககிட்ட சொல்லலீங்களா?” என்றார்.

பிப்ரவரி 25, ஞாயிறு

மேல்நிலைத் தொட்டியைக் கழுவினேன். கழுவ வேண்டிய அவசியம் இல்லை, போன மாதம்தான் கழுவியது.

வசுமதியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“அத்தை எங்கிட்ட எப்பவோ சொல்லியிருக்காங்க.”

“எனக்கு ஏன் யாரும் சொல்லலை?”

“நீங்க அந்தக் கதையை அத்தனை சந்தோசமாச் சொல்லிட்டிருந்தீங்க. அவன் பெருமையா சொல்லிக்கறான், கெடுக்க வேண்டாம்னாங்க.”

முப்பத்திரண்டு வருஷமாக இந்த வீட்டில் நான் கதை சொல்ல, இரண்டு பெண்கள் சேர்ந்து முகத்தை மாற்றாமல் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் திறமையைப் பாராட்டத்தான் வேண்டும். மத்தியானம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குப் பசி தாங்காமல் சாப்பிட்டேன்.

ஒரு தாய் தானாகக் கேட்டு, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போவாளா? மாரப்பனுக்கு வயதாகிவிட்டது, குழப்பிக்கொள்கிறார் என்று முடிவு செய்தேன். ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்பதில்லை என்பது என் ஆபீஸ் பழக்கம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஆதாரம் கிடைத்துவிட்டது.

அம்மாவின் இரும்புப் பீரோ. கீழ்த்தட்டில் ஒரு கோப்பு. மனுவின் நகல், இடமாற்ற உத்தரவு, எல்லாம் தேதி வாரியாக. என் பிரிவில் ஒருவர்கூட இப்படிக் கோப்பு வைத்ததில்லை. மனுவில் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று இருக்கிறது. அந்த வரியை எத்தனை ஆயிரம் மனுக்களில் படித்திருப்பேன்.

அதன் பின்னால் இன்னொரு தாள். மனுவைப் பார்த்த மேலதிகாரி, மனுதாரர் குடும்பச் சூழலை எண்ணிப் பார்த்தாரா என்று கேட்டிருக்கிறார். அதற்கு அம்மா எழுதிய பதிலின் வரைவு, பென்சிலில். அப்படியே எழுதுகிறேன்.

‘ஆண் மருத்துவர்களிடம் இக்கேள்வி கேட்கப்படுவதாகத் தெரியவில்லை. ஆயினும் கேட்டிருப்பதால் பதில். என் கணவர் என்னைவிட நன்றாகச் சமைப்பார். நான் மாடு பார்க்கப் படித்தவள். எனக்கு நாற்பது வயதாகிறது. இப்போது போகாவிட்டால் கோழிக் கணக்கு எழுதியே ஓய்வு பெறுவேன். மகனுக்கு வயது பதினைந்து. உத்தரவு வந்தபின் அவனிடம் சொல்லிக்கொள்வேன்.’

அடுத்த வரியை எழுதி, ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறாள். அடித்தாலும் படிக்க முடிகிறது.

‘அவன் போகாதே என்றால் நான் போகமாட்டேன். அதனால்தான் அவனிடம் கேட்கவில்லை.’

பிப்ரவரி 28, புதன்

மாட்டுப் பொங்கல் அன்று நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கூடத்தில் எல்லோரும் இருந்தோம். தாரிணி வேலை விஷயத்தைச் சொன்னாள். நான் பேசுவதற்கு முன்னாலேயே அம்மா, “போகட்டும்டா. நானும் போயிட்டு வந்தவதானே?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது.

“நீ போன லட்சணந்தான் தெரியுமே. நீ உத்தரவு வந்து, வேற வழியில்லாம போனே. அதுக்கே நான் கணக்குல தோத்தேன். இவ கேட்டு வாங்கிட்டுப் போறேங்கறா. தானாக் கேட்டுப் புள்ளையை விட்டுட்டுப் போறவ ஒரு தாயா?”

அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். “வெயில் ஏறுது. பழனியப்பன் மாட்டுக்குப் பொங்கல் குடுத்துட்டு வந்தர்றேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் என்னோடு நன்றாகத்தான் பேசினாள். பேப்பர் வந்துவிட்டதா என்றாள். முருங்கைக்காய் முற்றல் என்றாள். பன்னிரண்டாம் நாள் மதியம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

உத்தரவு வந்துதான் போனாள் என்று நம்பிக்கொண்டு, அவளைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே அதைச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 1, வெள்ளி

அச்சகத்திலிருந்து இருநூறு மலரும் வந்துவிட்டன. நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வழவழப்பான தாள். நாலாம் பக்கம் மிக அழகாக வந்திருக்கிறது.

மார்ச் 3, ஞாயிறு

அறுபது பேர் வந்திருந்தார்கள். நாலாம் பக்கத்தை மட்டும் இருநூறு பிரதியிலிருந்தும் கிழித்துவிடலாம் என்று காலையில் ஆரம்பித்தேன். அதைக் கிழித்தால் பின்பக்கத்திலிருந்த அம்மாவின் படமும் போகும். விட்டுவிட்டேன்.

மைக்கைப் பிடித்ததும் சொன்னேன்: “உங்க கையில இருக்கற மலர்ல நாலாம் பக்கம் முழுக்கப் பொய். எழுதினவன் நான்தான்.”

மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கம் புரட்டினார்கள். நான் எழுதியது எதுவும் அதுவரை இவ்வளவு கவனமாகப் படிக்கப்பட்டதில்லை.

“எங்கம்மா எங்களுக்காக எந்தத் தியாகமும் பண்ணலை” என்றேன். வசுமதி நிமிர்ந்து பார்த்தாள். முன்வரிசையில் ஒரு பெரியவர் காது மிஷினைச் சரிசெய்தார். “தாளவாடிக்கு அவங்களே கேட்டுப் போனாங்க. மூணு வருஷம் மலையில ஒரே ஆளா நின்னாங்க. கோமாரி வந்தப்ப ஊர் ஊரா நடந்து ஊசி போட்டாங்க. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் பஸ்ஸில வந்து இறங்குவாங்க. கறுத்து, இளைச்சு, கையெல்லாம் கீறலா இருக்கும். ஆனா மொகம் அப்படி மலர்ந்திருக்கும். சாப்பிட உக்காந்தா மாட்டுக் கதைதான். பாதி சோத்துல தூங்கிருவாங்க. எங்களைப் பார்த்த சந்தோசம்னு நான் நெனைச்சுட்டிருந்தேன். எங்களைப் பார்த்த சந்தோசமும் இருந்திருக்கும். அது மட்டுமில்லைன்னு இந்த வாரந்தான் தெரிஞ்சுது.”

பத்து நிமிஷத்துக்குத் தயார் செய்திருந்தேன். நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கணக்கில் தோற்றதற்கு என்ன காரணம் என்று மாரப்பன் எழுந்து கேட்டார். படிக்கவில்லை என்றேன். அதற்குத்தான் கைதட்டினார்கள்.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது கை கழுவும் இடத்தில் தாரிணி நின்றிருந்தாள். அங்கேதான் சொன்னேன். “அன்னிக்கு நான் பேசினது தப்பு கண்ணு. உன்னைச் சொன்னதும் தப்பு, அம்மாவைச் சொன்னதும் தப்பு. அம்மாகிட்ட இனிச் சொல்ல முடியாது. உங்கிட்டத்தான் சொல்லணும்.”

அவள் குழாயை மூடவில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“நான் அன்னிக்கு ஆத்தா பின்னாலயே போனேங்கப்பா. பழனியப்பன் வீட்டு மாட்டுக்கிட்ட நின்னு அழுதாங்க. கொஞ்ச நேரந்தான்.”

நான் குழாயை மூடினேன்.

“அப்புறம் மொகத்தைத் தொடைச்சுட்டு எங்கிட்ட சொன்னாங்க. ‘நீ கெளம்பற வேலையைப் பாரு. உங்கப்பன் ஒத்துக்குவான், லேட்டாகும். பத்தாவது கணக்கே அவனுக்கு ரெண்டாந் தடவைதான் வந்துச்சு.’”

இருவரும் சிரித்தோம். அப்புறம் நான் அங்கேயே, எச்சில் இலை வாளிக்குப் பக்கத்தில், நன்றாக அழுதேன். அம்மா போனதிலிருந்து அதுதான் முதல் தடவை. சாம்பார் வாளியோடு வந்தவர் சுற்றிக்கொண்டு போனார்.

மார்ச் 7, வியாழன்

தாரிணி சம்மதக் கடிதம் அனுப்பிவிட்டாள். அனுப்புமுன் எனக்கு வாட்ஸப்பில் காட்டினாள். மூன்று இடத்தில் திருத்தம் சொன்னேன். ஒன்றையும் அவள் சேர்க்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

விமான நிலையம் போய் வந்தோம். ஆதிரை அழவில்லை. தாரிணியும் உள்ளே போகும்வரை அழவில்லை. மாப்பிள்ளைதான் அழுதார். அவருக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் மாப்பிள்ளையோடு இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

ஜூன் 10, திங்கள்

புதுப் பள்ளிக்கூடம், முதல் நாள். வசுமதிக்குக் கை வலி என்பதால் சடை என் பொறுப்பு. இரண்டு சடை, ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே. ஆதிரை கண்ணாடியில் பார்த்துவிட்டு, “பரவால்லங்க அப்புச்சி” என்றாள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

தாய் மொபைலில் கூப்பிட்டால் ஆதிரை வாங்குவதில்லை. நாலு நாளாக இப்படி. தாரிணி எதிர்முனையில் சரி, சரி என்கிறாள். நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு முன் அனுபவம் இருக்கிறது: அம்மா தாளவாடியிலிருந்து போட்ட முதல் ஆறு கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை.

ஜூன் 15, சனி

மாலை ஆதிரை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்.

“அப்புச்சி, அம்மாவைப் போகச் சொல்லி ஆர்டர் போட்டாங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. குழந்தைக்கும் நிம்மதி, யார் மேலும் கோபமில்லை. நாக்கு வரை வந்தது.

“இல்லை சாமி. உங்கம்மாவே கேட்டு வாங்கிட்டுப் போனா.”

“ஏன்?”

“அந்த வேலை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.”

பென்சிலை வைத்துவிட்டாள். “என்னைய?”

“உன்னையும் ரொம்பப் பிடிக்கும். ரெண்டும் நெசந்தான். எனக்கு இது புரியறதுக்கு அறுவது வயசாச்சு. நீ மெதுவாப் புரிஞ்சுக்கோ, அவசரமில்லை.”

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே உட்கார்ந்து, பொய்யே சொல்லியிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வசுமதி வந்து என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். “சரிதான்” என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அபூர்வம். அதனால் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஆறரை மணிக்குத் தாரிணி கூப்பிட்டாள். நான் எடுத்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கதவு திறந்தது. ஆதிரை வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். எடுத்த எடுப்பிலேயே, “மலைக்குள்ள இருட்டா இருக்குமா? உனக்குப் பயமா இல்லையா?” என்று அதட்டினாள்.

அப்புறம் அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாற்பது நிமிஷம் பேசினாள். எனக்குக் கொடுக்கவே இல்லை.